முன்பின் அறியாதவருக்கு ஒரு பந்தி

கோழி வறுவலுக்குப் பெயர்பெற்ற ஊர் எங்கள் பள்ளிபாளையம். அவ்வூர்க்காரனாகிய நான் சைவ உணவைக் கடல் கடந்து பரிமாறிய ஒரு துறவியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் எதைப் பரிமாறினார் என்பதைவிட, யாருக்குப் பரிமாறினார் என்பதே என்னை ஈர்க்கிறது.

1896 செப்டம்பர் 1 அன்று கொல்கத்தாவில் பிறந்த அவருடைய இயற்பெயர் அபய் சரண் டே. மருந்து வணிகம், மனைவி, மக்கள் என வாழ்ந்த இல்லறத்தார். 1922இல் அவர் சந்தித்த பக்திசித்தாந்த சரஸ்வதி, சைதன்யரின் பக்தி நெறியை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு எடுத்துச் செல்லும்படி பணித்தார். அதற்காகக் கடல் கடக்க 43 ஆண்டுகள் ஆயின. 1959இல் துறவு பூண்டவர், 1965 ஆகஸ்ட் 13 அன்று ‘ஜலதூதா’ என்ற சரக்குக் கப்பலில் ஏறினார். வழியில் இரண்டு முறை மாரடைப்பு. 69 வயது நிறைந்ததும் கடலிலேதான். கையில் இருந்தது ஏறத்தாழ 40 ரூபாய். செப்டம்பர் 17 அன்று பாஸ்டனை அடைந்து, அங்கிருந்து நியூயார்க் சென்றார்.

மறு ஆண்டு, அந்நகரின் இரண்டாவது அவென்யூவில் ஒரு சிறு கடையறை வாடகைக்குக் கிடைத்தது. வியட்நாம் போரை வெறுத்து, வீட்டைத் துறந்து, போதையில் அமைதி தேடிய இளைஞர்கள் திரிந்த பகுதி அது. ஆசாரம் பார்ப்பவர்கள் அவர்களை வாசற்படி ஏறவிட்டிருக்க மாட்டார்கள். பிரபுபாதரோ தம் கையால் சோறும் பருப்பும் சப்பாத்தியும் காய்கறியும் சமைத்து, கண்ணனுக்குப் படைத்து, அவர்களுக்குப் பரிமாறினார். ஞாயிறு விருந்து வழக்கமாயிற்று. 1966 அக்டோபரில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவின் மரத்தடியில் நாமசங்கீர்த்தனம் தொடங்கினார். வேடிக்கை பார்க்க நின்றவர்களும் சேர்ந்து பாடினர். கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க்கும் அங்கு வந்தார்.

புலால், போதை, சூதாட்டம், முறையற்ற உறவு ஆகிய நான்கையும் விலக்க வேண்டும் என்ற கண்டிப்பு சீடர்களுக்கு இருந்தது. விருந்தினர்க்கு எந்த நிபந்தனையும் இல்லை. நெறி பின்னால் வரட்டும், பசி முதலில் தீரட்டும் என்பதே அவருடைய முறையாகத் தோன்றுகிறது. பெண்களைக் குறித்தும் அறிவியலைக் குறித்தும் அவர் கொண்டிருந்த கருத்துகள் பலவற்றை என்னால் ஏற்க இயலாது. அந்தப் பந்தியின் பெருமையை அதனால் மறுக்கவும் இயலாது.

1977 நவம்பர் 14 அன்று பிருந்தாவனத்தில் அவர் மறைந்தபோது, அவர் தொடங்கிய இயக்கம் பல கண்டங்களில் வேரூன்றியிருந்தது.

அன்னதானம் நமக்குப் புதிதன்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பஜனையும் பந்தியும் நாம் அறிந்தவையே. இன்று நம் வட்டாரத்து விசைத்தறிகளையும் நூற்பாலைகளையும் இயக்குவோரில், பிரபுபாதர் பிறந்த கிழக்குத் திசையிலிருந்து வந்த தொழிலாளரும் உண்டு. நம் மொழி அறியாமல் பந்தியின் ஓரத்தில் தயங்கி நிற்கும் அவர்களுள் ஒருவரை அழைத்து, நம் பக்கத்திலேயே இலை போட நமக்கு மனம் வருமா? அயல்நாட்டில் அந்த முதியவருக்கு வந்தது.