எலிகு யேல் துரையின் குடிவழி

நம் மரபினரின் குடிவழிகளைத் தொகுக்கும் பணியில் நம் சங்கம் ஈடுபட்டிருப்பது அன்பர்கள் அறிந்ததே. கடலூர், சிதம்பரம் பகுதிகளிலிருந்து வந்துள்ள தாள்களைப் பார்வையிட்டபோது ஒரு குறை நம் கண்ணில் பட்டது. பாட்டன், தந்தை, மகன், பேரன் என்று ஆண்வழி மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. மகளிர் பிறந்தார்களா, எவ்வூரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஆண் மக்கள் இல்லாத வீடுகளை வமிசம் அற்றது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இக்குறையை எண்ணியிருந்த நமக்கு, கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய எலிகு யேல் துரையின் வரலாறு நினைவுக்கு வந்தது.

யேல் குடும்பத்தார் வேல்சு நாட்டவர். அந்நாட்டில் முற்காலத்தில் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. மகன் தன் பெயரோடு தந்தை பெயரைச் சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று வழங்குவான். தந்தை பெயரின் முதலெழுத்தை நாம் முன்னே இடும் வழக்கத்திற்கு அது மிக அணித்தானது. ஆங்கில முறை பரவிய பின்னரே அவர்கள் நிலையான பெயர் பூண்டனர். எலிகுவின் முன்னோர் டென்பிஷயரில் உள்ள யால் என்னும் மலைநாட்டின் பெயரையே தம் பெயராகக் கொண்டனர். ஊர்ப் பெயரால் குடும்பம் விளங்குவது நமக்குப் புதிதன்று. அயர்லாந்தினின்று வந்த பிட்ஸ்ஜெரால்டு மரபினர் ஒருவரே தம் மூலபுருஷர் என்று அக்குடும்பத்தார் குடிவழி எழுதி வைத்திருக்கின்றனர். மூலபுருஷரை உயர்ந்த இடத்தில் தேடுவது எந்நாட்டுக் குடிவழிக்காரர்க்கும் இயல்பு போலும்.

எலிகு 1649-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் பெயர் டேவிட் யேல். குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிற்று. பின்னர் அவர் அமெரிக்காவைக் கண்டதேயில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து, 1672-ல் சென்னையில் வந்து இறங்கினார். 1680-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, ஜோசப் ஹின்மர்ஸ் என்னும் கம்பெனி உத்தியோகஸ்தரின் விதவையான காதரைனை மணந்தார். புதிதாகக் கட்டி முடிந்த செயின்ட் மேரி தேவாலயத்தில் நடந்த முதல் மணம் அதுவே. மூன்று பெண்மக்களும் டேவிட் என்னும் ஒரே ஆண்மகவும் பிறந்தனர். அம்மகவு நான்காம் வயது நிரம்புமுன் 1688 ஜனவரியில் இறந்தது. தாயின் முதற் கணவருடைய சமாதியருகே அதனை அடக்கம் செய்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டி, பின்னாளில் சட்டக் கல்லூரி இருந்த மனையில் அச்சமாதி எழுப்பப்பட்டது.

மகனை இழந்தபோது யேல் சென்னைக் கோட்டையின் கவர்னர். 1687-ல் அப்பதவியை ஏற்றவர் 1692 வரை இருந்தார். சென்னை நகரசபை அமைந்தது அவர் காலத்தில், 1688 செப்டம்பரில். அதற்கு முன்பே நம் பக்கத்து நிலைமையை அவர் நேரில் அறிந்தவர். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் துணி வாணிகம் செய்ய உத்தரவு பெறும்பொருட்டு, செஞ்சியில் இருந்த மகாராஷ்டிர அதிகாரியிடம் கம்பெனியார் அனுப்பிய தூதராக 1681-ல் சென்றவர் அவரே. அவர்கள் விரும்பியது நம்மவர் தறிகளில் விளைந்த துணியை அன்றோ!

அக்காலம் இந்நாட்டிற்கு அமைதியான காலமன்று. படையெடுப்புக்கு அஞ்சி 1648-ல் தில்லையை விட்டு எடுத்துச் செல்லப்பட்ட நடராசப் பெருமான் திருவுருவம், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் வெளியூர்களில் இருந்து, மகாராஷ்டிரர் ஆட்சியில் 1686-ல்தான் மீண்டும் எழுந்தருளியது. நான்கு ஆண்டுகள் செல்லுமுன் மொகலாயப் படை செஞ்சியை நெருக்கியது. சிவாஜியின் மைந்தர் ராஜாராம் அங்கே சிக்கியிருந்தார். போருக்குப் பணம் வேண்டும். கம்பெனியாரிடம் பணம் இருந்தது. தேவனாம்பட்டினத்துச் சிறு கோட்டை 1690-ல் கைமாறிற்று.

அந்த விற்பனையின் எல்லை வகுக்கப்பட்ட விதம் விந்தையானது. கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட வேண்டும். குண்டு போய் விழும் தொலைவு வரை உள்ள ஊர்கள் யாவும் கம்பெனிக்குச் சொந்தம். அவ்வாறே 1690 செப்டம்பரில் சுட்டனர். குண்டுக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. அவ்வூர்களில் உழுதவர்களையும் நெய்தவர்களையும் ஒருவரும் கேட்கவில்லை. காலையில் ஒரு துரைத்தனத்தின் குடிகளாக எழுந்தவர் மாலையில் வேறொரு துரைத்தனத்தின் குடிகளாயினர்.

கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தனர். டேவிட் வேல்சு நாட்டின் காவற் புனிதர். கவர்னருடைய தந்தை பெயரும் டேவிட்; மறைந்த மகன் பெயரும் டேவிட். நம் நாட்டில் பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுகிறோம். அந்தப் பேரன் இல்லாத மனிதரின் கோட்டைக்கு அப்பெயர் வாய்த்தது.

யேலின் கைகள் தூயன என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. அவர் தலைமையிலிருந்த ஆலோசனைச் சபை, செயின்ட் ஹெலினா தீவுக்குச் செல்லும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றுமாறு கட்டளையிட்டது. வைர வாணிகத்திலும் சொந்த வியாபாரத்திலும் பெருஞ்செல்வம் திரட்டினார். பதவியைத் தம் நலத்துக்குப் பயன்படுத்தினார் என்ற புகாரின்மேல் 1692-ல் விலக்கப்பட்டார். வழக்குகளால் உடனே ஊர் திரும்ப இயலாமல் 1699-ல்தான் லண்டன் சேர்ந்தார். காதரைன் அம்மையார் 1689-லேயே மக்களோடு சென்றுவிட்டார். அதன்பின் யேல், வைர வியாபாரி ஒருவரின் விதவையான ஹிரோனிமா டி பைவா என்னும் யூத மாதோடு வாழ்ந்து சார்லஸ் என்னும் மகனைப் பெற்றார். தாயும் மகனும் ஆப்பிரிக்காவின் தென்முனையில் மறைந்தனர். குடிவழித் தாளில் அக்கிளை அத்துடன் முடிகிறது.

லண்டனில் யேலிடம் இருந்தவை பொருளும் பெண்மக்களுமே. இங்கிலாந்துப் பிரபுக்களிடம் பட்டமும் நிலமும் இருந்தன. மூத்தவள் காதரைன், லார்ட் நார்த் மரபைச் சேர்ந்த டட்லி நார்த்தை மணந்து ஸபக் நாட்டுக் கிளெமம் மாளிகைக்குச் சென்றாள். ஆன் என்பவளை 1708-ல் டெவன்ஷயர் முதல் டியூக்கின் மகனான லார்ட் ஜேம்ஸ் கேவண்டிஷ் மணந்தார். உர்சுலா மணமின்றியே 1721-ல் இறந்தாள். பத்துப் பவுன் சம்பளக் குமாஸ்தா, டியூக் வீட்டுக்குச் சம்பந்தி ஆனார்.

அச்சம்பந்திகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஓவியம் ஒன்று அமெரிக்காவில் உள்ளது. நடுவே யேல், அருகே லார்ட் ஜேம்ஸ். ஓரத்தில் கழுத்தில் வெள்ளி வளையம் பூட்டிய கறுப்புச் சிறுவன் ஒருவன் பணிவிடை செய்து நிற்கிறான். அமர்ந்தவர்களின் ஏழு தலைமுறையைப் புத்தகங்களில் பார்க்கலாம். அச்சிறுவனுக்குப் பெயரே எழுதப்படவில்லை.

ஆயினும் மகன் இல்லாத குறை யேலை விடவில்லை. நம் வழக்கில் சுவீகாரம் என்போமே, அதுபோல அமெரிக்காவில் கனெக்டிகட்டில் வாழ்ந்த பங்காளி வீட்டிலிருந்து ஓர் ஆண்பிள்ளையை வாரிசாக வரவழைத்தார். அது நிலைக்கவில்லை. ஆனால் அச்செய்தியை அறிந்த ஜெரமையா டம்மர் என்பவர், பிள்ளை தேடுகிற செல்வரிடம் பள்ளிக்கு நன்கொடை கேட்கலாம் என்று துணிந்தார். அதன் பயனாக 1718-ல் யேல் அப்பகுதிக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும், ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டைகளில் மஸ்லினும் காலிக்கோவும் இருந்தன. அவற்றை விற்ற பணம் 562 பவுன். கல்லூரிக்கு யேல் என்று பெயரிட்டனர். பெயர் அறியாத நெசவாளரும் உலகறிந்த அக்கல்லூரிக்குக் கால்கோள் செய்தவரே.

யேல் 1721 ஜூலை 8-ஆம் தேதி லண்டனில் காலமாகி, வேல்சு நாட்டு ரெக்ஸம் நகரில் அடக்கமானார். அவர் வாங்கிய கோட்டை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. கெடிலத்தின் கரையில் அதன் சிதைவுகளே மிஞ்சின.

பெண்வழியோ தொடர்ந்தது. ஆனின் மகள் எலிசபெத்தை மணந்த ரிச்சர்டு சாண்ட்லர், தம் பெயரை விட்டுக் கேவண்டிஷ் ஆனார். காதரைனின் மகள் ஒருத்தி பெம்புரோக் பிரபுவின் இளைய மகனான நிக்கலஸ் ஹெர்பர்ட்டை மணந்தாள். மற்றொரு மகள் மேரியின் பிள்ளை டட்லி லாங். யேலின் கொள்ளுப் பேரனான இவர், ஹெர்பர்ட் வீட்டுப் பெரியம்மையார் எழுதிய உயிலுக்கு இணங்கி, 1789-ல் தம் தந்தையின் குடும்பப் பெயரை விட்டு, தாய் பிறந்த வீட்டுப் பெயரான நார்த் என்பதை ஏற்றுக்கொண்டார்.