யூஜீன் ஹூட்ரி

படைகளை நடத்தினோர் சரிதங்கள் பல உள. களிமண்ணில் படிந்த கரியோடு போராடிய ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றேன்.

பிரான்சு தேசத்தில், பாரிஸ் நகருக்கு அணித்தான தொமோன் என்னும் ஊரில், 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் நாள் யூஜீன் ஹூட்ரி பிறந்தார். தந்தையார் எஃகுத் தொழிலிற் செல்வம் ஈட்டியவர். மைந்தர் பாரிஸில் யந்திர சாஸ்திரம் பயின்று, 1911-ல் வகுப்பில் முதல்வராய்த் தேறித் தங்கப் பதக்கம் பெற்றார். முதல் உலக மகாயுத்தத்தில் டாங்கிப் படையிற் சேர்ந்து, 1917-ல் போர்க்களத்திற் காயமுற்றார். யுத்தம் முடிந்தபின் தந்தையார் தொழிலினும் மோட்டார்ப் பந்தயத்திலேயே அவருள்ளம் அதிகம் ஈடுபட்டது. நல்ல வண்டிக்கு நல்ல எண்ணெய் வேண்டுமன்றோ? பிரான்சிலோ எண்ணெய்க் கிணறுகள் மிகச் சில. ஆதலின் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க முயன்றார். 1929-ல் எழுந்த அவ்வாலை நாளொன்றுக்கு 60 டன் கரியை உண்டது. ஆதாயமில்லையென்று அரசாங்கத்தார் கைவிட்டனர்.

இதனிடையே கனத்த பெட்ரோலிய எண்ணெயையும் அவர் ஆராய்ந்துவந்தார். அதன் பெரிய அணுத்திரள்களைப் பிளந்தால் இலேசான பெட்ரோல் கிடைக்கும். வெறும் வெப்பத்தாற் பிளப்பதே அக்காலத்து வழக்கம். கிரியாஊக்கியொன்றின் துணையிருப்பின் பெட்ரோல் மிகுதியாயும் உயர்தரமாயும் வருமென்று ஹூட்ரி கண்டார். நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்தபின், பக்குவஞ் செய்த ஒருவகைக் களிமண்ணைத் தேர்ந்தார். கிடைத்த எண்ணெயைத் தம் புகாட்டி வண்டியில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பாராம்.

ஆயின் பேரிடையூறு ஒன்று நின்றது. கிரியாஊக்கி தான் மாறாது பிறவற்றை மாற்றும் பொருளென்று பாடநூல்கள் கூறும். ஆலையில் அவ்விலக்கணம் செல்லாது. எண்ணெய் பிளவுபடும்போதே அதன் ஒரு கூறு கரியாகிக் களிமண்ணின் நுண்டுளைகளிற் படிகின்றது. சில நிமிஷங்களிலேயே துளைகள் அடைபட்டு, ஊக்கி வெறும் மண்ணாகின்றது. ஹூட்ரி கரி படிவதைத் தடுக்க முயலவில்லை, படிந்ததை எரித்தார். சூடான காற்றைச் செலுத்தக் கரி எரிந்து நீங்கிக் களிமண் மீண்டும் உயிர்பெற்றது. நெருப்பு மிஞ்சினால் களிமண்ணே கெடும். ஆகவே உருகிய உப்பைக் குழாய்களில் ஓடவிட்டு அவ்வெப்பத்தை வாங்கிக்கொண்டார். வெளிவரும் வாயுக்களைக் கொண்டே சுழலியை இயக்கிக் காற்றையும் அழுத்தினார். மூன்று கலங்கள் முறைவைத்து உழைத்தன: ஒன்று பத்து நிமிஷம் எண்ணெயைப் பிளக்கும், மற்றவை அப்போது துப்புரவாகும். பகைவனையே ஏவலாளாக்கிய இவ்வுபாயமே அவர் வாழ்வின் தலையாய செயலென்பது என் கருத்து.

1930-ல் வாக்குவம் எண்ணெய்க் கம்பெனியார் அழைப்பின்மேல் அமெரிக்கா சென்றார். 1936-ல் நியூஜெர்சியிலுள்ள பால்ஸ்பரோவில் நாளொன்றுக்கு 2,000 பீப்பாய் எண்ணெயைப் பிளக்கும் ஆலையும், அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவிலுள்ள மார்க்கஸ் ஹூக்கில் பேராலையும் எழுந்தன. இரண்டாம் மகாயுத்தத்தில் நேசதேச விமானங்களுக்கு வேண்டிய உயர்தரப் பெட்ரோல் இம்முறையாற் பெருமளவு கிடைத்தது. டிகாலுக்குத் துணைநின்றமையின், விஷி அரசாங்கம் 1941-ல் ஹூட்ரியின் பிரஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. அந்நாட்டுக்காகக் குருதி சிந்தியவர் 1942-ல் அமெரிக்கக் குடியானார்.

முதுமையில் மோட்டார் வண்டிகளின் நச்சுப்புகை அவரை வருத்தியது. அதனைக் கிரியாஊக்கியால் தூயதாக்கும் கருவி ஒன்றைச் செய்து 1956-ல் காப்புரிமை பெற்றார். அக்காலத்துப் பெட்ரோலிற் கலந்திருந்த ஈயமோ ஊக்கியை நஞ்சூட்டிக் கெடுத்தது. கரியைப்போல் எரித்து நீக்கத்தக்கதன்று ஈயம். 1962 ஜூலை 18-ல் ஹூட்ரி காலமானார். ஈயமற்ற பெட்ரோலோடு அவ்வகைக் கருவிகள் அமெரிக்க வண்டிகளிற் பரவியது 1975-ஆம் ஆண்டு வண்டிகள் முதற்கொண்டேயாம்.

களிமண்ணின் வழிவந்த ஊக்கிகளில் 1960-களில் ஜியோலைட் என்னும் நுண்டுளைப் படிகங்கள் இடம்பெற்றன. அவரை அழைத்த கம்பெனியின் வழிவந்த மோபில் கம்பெனியார், மெதனாலைப் பெட்ரோலாக்கும் ஜியோலைட் ஒன்றைக் கண்டனர். 1985-ல் நியூஸிலாந்தின் மோட்டுனுயியில் அதற்கான ஆலை ஓடத்தொடங்கியது. அதன் துளைகள் மிகக் குறுகியனவாதலின், கரியின் பெருந்திரள்கள் உள்ளே வளர இடமின்றி, ஊக்கி வாரக்கணக்கில் உழைத்தது. எனினும் அங்கும் கரி படிந்தது. ஒரு கலத்தை விலக்கி அதன் கரியை எரிக்கையில், ஏனைய கலங்கள் மெதனாலைப் பெட்ரோலாக்கிக்கொண்டிருந்தன.