சாமி பின்னாலேயே மலை ஏறியவர்: யார் இந்தப் பெரியண்ணன்?

ஏற்காட்டில் தலைச்சோலை போன்ற மலைக்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமே இல்லை. பேசுவது தமிழ். மலையில் இருப்பதால் மலையாளி, அவ்வளவுதான். இவர்களுடைய பூர்வீகக் கதை பெரியண்ணனிடமிருந்து தொடங்குகிறது.

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் காஞ்சிபுரத்து வேளாளர்கள். சுல்தான்கள் கை ஓங்கியபோது ஊரைவிட்டு வந்தார்கள் என்கிறது ஒரு கதை. இன்னொன்றில், முதலில் கிளம்பியதே சாமிதான்! காஞ்சியில் இருப்புக்கொள்ளாமல் கரியராமன் புறப்பட, மூவரும் குடும்பத்தோடு பின்னாலேயே நடந்தார்களாம். சேலம் பக்கம் வந்ததும் ஆளுக்கொரு திசை. தம்பிகள் போன மலைகள் கதைக்குக் கதை மாறும். இந்த இரண்டிலுமே பெரியண்ணன் ஏறியது சேர்வராயன் மலை. மலைக்கு வந்த சகோதரர்கள் வேறு சாதிப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டதாகவும் சொல்வார்கள்.

வாய்வழிக் கதைதான். ஆனால் வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிப்பித்தபோது, குடிபெயர்ந்து சுமார் 10 தலைமுறை ஆனதாகக் குறித்தார். கணக்குப் போட்டால் 17-ம் நூற்றாண்டு வாக்கில் வருகிறது. கோல்கொண்டா, பிஜப்பூர் படைகள் தமிழகத்தில் இறங்கிய காலம் அது. அந்த நூற்றாண்டின் கடைசியில், முகலாயப் படைக்குப் பயந்து காஞ்சி வரதராஜரையே உடையார்பாளையத்துக்குத் தூக்கிப்போய் ஒளித்து வைத்தார்கள்.

வரதராஜர் 1710-ல் ஊர் திரும்பினார். பெரியண்ணன் வழியினர் மலையிலேயே இருந்துவிட்டார்கள். இப்போது உச்சியிலுள்ள குகைக்கோயிலில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிடுகிறார்கள். திருவிழா மே மாதம்.