பெஞ்சமின் இராபின்சு

துப்பாக்கியினின்றும் புறப்படும் குண்டு, கண் இமைக்கும் முன்னரே இலக்கைத் தாக்கிவிடும். அதன் விரைவை அளப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் பெஞ்சமின் இராபின்சு என்னும் ஆங்கில அறிஞர் ஆவார்.

இவர் இங்கிலாந்தில் பாத் என்னும் நகரில், 1707ஆம் ஆண்டில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். கணிதத்தில் பெருவேட்கை கொண்டு இலண்டன் மாநகர் சென்று, மாணாக்கர்க்குக் கணிதம் பயிற்றி வாழ்ந்தார். 1727ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராக இருந்தபொழுதே, அரச கழகத்தின் உறுப்பினராகும் பேறு பெற்றார்.

அக்காலத்துப் பீரங்கி நூலோர் பலர், குண்டின் செலவைக் காற்று சிறிதளவே தடுக்கும் என்று கருதினர். அது பரவளைவு வழியிலேயே செல்லும் எனக் கொண்டு கணக்கிட்டனர். இராபின்சோ, அளந்தறியாத கூற்றை ஏற்க மனம் இசைந்தாரல்லர். ஏறக்குறைய 56 பவுண்டு எடையுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, 1/12 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டை அதன்மீது சுட்டார். குண்டு ஊசலின் மரப்பலகையில் பதிய, ஊசல் பின்னோக்கி ஆடிற்று. அது சென்ற தொலைவை அதனுடன் பிணைத்த நாடா காட்டிற்று.

இதன் நுட்பத்தை நோக்குவோம். மோதும்பொழுது குண்டின் ஆற்றலில் பெரும்பகுதி மரத்தைத் துளைப்பதிலும் வெப்பமாவதிலும் கழியும். ஆயின், உந்தம் குறைவதில்லை. குண்டும் ஊசலும் சேர்ந்த எடை, குண்டின் எடையைப்போல் 673 மடங்கு. ஆகவே, நொடிக்கு 1,600 அடி செல்லும் குண்டு, ஊசலுக்கு ஏறத்தாழ 2.4 அடி விரைவையே அளிக்கும். அதன்பின் இயக்க ஆற்றல் நிலையாற்றலாக மாற, ஊசல் ஓரங்குல அளவே உயரும். அவ்வுயரத்தினின்று பின்னோக்கிக் கணக்கிடின், குண்டின் விரைவு புலப்படும்.

ஊசலைப் பல தொலைவுகளில் வைத்துச் சுட்டபொழுது, காற்றின் வலிமை வெளிப்பட்டது. விரைந்து செல்லும் சிறு குண்டின்மீது காற்றின் தடை, அக்குண்டின் எடையைப்போல் ஏறத்தாழ 120 மடங்காக இருந்தது! காற்றில்லாவிடில் பதினாறு மைல் செல்லவேண்டிய பீரங்கிக் குண்டு, மூன்று மைலும் செல்லாமைக்குக் காரணம் விளங்கிற்று.

இவ்வுண்மைகளை அவர் 1742ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கணித மேதை ஆய்லர் அதனை 1745இல் செருமானிய மொழியில் பெயர்த்து, விரிவுரையும் வரைந்தார். 1746இல் அரச கழகம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

பின்னர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகி, கோட்டைகளைச் சீரமைக்கும் பொருட்டு 1750இல் தமிழகம் போந்தார். ஓராண்டிற்குள் காய்ச்சல் அவரை வருத்திற்று. 1751ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில், எடுத்த பணி முடியுமுன்னரே உயிர் நீத்தார்.

பலரும் நம்பியது என்பதனால் ஒன்று உண்மையாகிவிடாது. அளந்து தெளிந்ததே அறிவு. இவ்வுண்மையை இராபின்சின் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.