கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

இராயபுரந் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் வளர்ந்த எமக்குக் கடற்படை என்றவுடன் போர்க்கப்பலும் பீரங்கியுமே நினைவில் எழும். அக்கடற்படையின் சீருடை அணிந்தும் படைக்கலம் ஏந்தாது, கணிப்பொறிக்குக் கற்பித்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட பெண்மணியார் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வரலாற்றில் என்ன உரிமை என வினவுவார் உளராயின், அவர் சிறிது பொறுத்தருள்வாராக.

கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1906 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தனர். ஏழாண்டுப் பருவத்தில், மணியடிக்குங் கடிகாரத்தின் உள்ளமைப்பை அறியும் வேட்கையால் ஒன்றனைப் பிரித்தனர். மீளப் பூட்ட அறியாமையின் அடுத்ததனையும் பிரித்தனர். இங்ஙனம் ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடப்பக் கண்ட அன்னையார், இனி ஒன்றனோடு அமைக என்று பணித்தனராம். பின்னர் வாசர் கல்லூரியிற் கணிதம் பயின்று 1928 இல் பட்டம் பெற்று, 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் எய்தினர்; அதற்கு முன்னரே தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்திருந்தனர்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அம்மையார் கடற்படையிற் சேர விழைந்தனர். அகவை மிகுதி, உடல் எடை குறைவு எனத் தடைகள் எழுந்தன. தளராது முயன்று 1943 இல் கடற்படைச் சேமப் பிரிவிற் சேர்ந்தனர். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஐக்கன் என்னும் பேராசிரியரின் கீழ், 51 அடி நீளமுள்ள ‘மார்க் 1’ என்னும் கணிப்பொறியை இயக்கும் பணியில் அமர்த்தப்பெற்றனர்.

அக்காலத்தில் ஒவ்வொரு கணக்கிற்கும் வேண்டிய கட்டளைகளை மனிதரே நிரல்பட எழுதிப் பொறிக்கு அளித்தல் வேண்டும். முன்னர் எழுதிப் பிழையின்றி இயங்கிய பகுதிகளை அம்மையாரும் அவர்தம் தோழரும் குறிப்பேடுகளிற் காத்துவந்தனர். வேண்டுங்கால் ஒருவர் ஏட்டினின்று மற்றவர் பெயர்த்தெழுதிக்கொண்டனர். பெயர்த்தெழுதுந்தோறும் பிழை புகுந்தது. ஓர் எழுத்து எண்ணாக மாறும்; ஓர் எண் இடம் பெயரும்; கணக்கு முழுவதும் பாழாகும்.

இத்துன்பம் தமிழுக்குப் புதிதன்று. ஏடெழுதுவோர் கைப்பிழையாற் சங்க நூல்களிற் பாடங்கள் வேறுபட்டமையும், டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942) பற்பல ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடந் துணிய வருந்தியதும் நாம் அறிந்தனவே. படி பெருகப் பிழையும் பெருகும் என்பதை அவர் ஓலையிற் கண்டார். அம்மையார் கணிப்பொறியிற் கண்டனர்.

1949 இல் அம்மையார் எக்கர்ட்டு, மாக்லி என்பாரின் நிறுவனத்திற் சேர்ந்தனர். அங்கே அவர்க்குத் தோன்றிய கருத்து எளியது, ஆயினும் பெரியது. பயன்மிக்க துணைநிரல்களை எல்லாம் காந்த நாடாவில் ஓரிடத்தே நூலகம்போல் வைத்து, ஒவ்வொன்றற்கும் ஓர் அழைப்பெண் இடுதல். எழுதுவோர் அவ்வெண்ணை மட்டும் குறித்தல். தேடுதலும் எடுத்தலும் இணைத்தலுமாகிய வேலையைப் பொறியே செய்தல். 1952 இல் ‘ஏ-0’ என்னும் பெயரால் இது செயற்பட்டது. சிதறிய பாடல்களை ஒன்று சேர்த்தவரைத் ‘தொகுத்தார்’ என நாம் வழங்குவதுபோல, இக்கருவியும் ‘தொகுப்பி’ என்னும் பொருள்படப் பெயர் பெற்றது. பொறி கணக்கிடுமேயன்றி நிரல் அமைக்குமோ என்று ஐயுற்றோர் அன்று பலர். அம்மையாரோ அடுத்து வந்த ‘ஏ-2’ வைப் பயன்படுத்துவோர்க்கு மூல வரிகளோடும் அனுப்பித் திருத்தங்களையும் ஏற்கும் முறை பிறக்கத் துணைநின்றனர். பின்னர் அவர் ஆங்கிலச் சொற்களாலேயே பொறிக்குக் கட்டளையிட வகுத்த மொழி, 1959 இல் உருவாகத் தொடங்கிய ‘கோபால்’ மொழிக்கு அடிப்படையாயிற்று.

அன்று இட்ட வித்து இன்று ஆலாய் விரிந்துள்ளது. 1993 இல் தொடங்கிய ‘டெபியன்’ இயக்கமுறையில், கரிய திரையில் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என எழுதி வேண்டும் நூலகத்தின் பெயரைச் சேர்த்தாற் போதும். அந்நூலகம் வேறெவற்றைச் சார்ந்துள்ளது, அவை ஏற்ற பதிப்பினவோ என அக்கருவி ஆராய்ந்து, இல்லாதவற்றைக் கொணர்ந்து உரிய இடத்தில் வைக்கும். காசிமேட்டில் ஒவ்வொரு படகும் தனக்கெனப் பனிக்கட்டி ஆலை கட்டுவதில்லை; ஓர் ஆலையே பல படகிற்கு உதவும். அதுபோல் ஒரு படியைப் பல நிரல்கள் பகிர்ந்து பயன்கொள்ளும். அவ்வொன்றைத் திருத்தின் அனைத்தும் திருந்தும். கேடு நேரினும் அங்ஙனமே. 2016 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 11 வரிகளே கொண்ட ‘லெஃப்ட்-பேட்’ என்னும் சிறு நிரல் பொதுக்களத்தினின்று நீக்கப்படவே, அதனைச் சார்ந்த எண்ணற்ற நிரல்களின் ஆக்கம் தடைப்பட்டது. ஆதலின் பொதுவில் வைத்தலோடு காத்தலும் கடனாம்.

இவ்வுண்மையை யாம் பட்டே அறிந்தோம். தோழர் மூவர் கூடிக் குறுந்தொகைக்குச் சொல்லடைவு செய்யத் திருவொற்றியூரில் எம் இல்லத்தில் அமர்ந்தோம். கணிப்பொறியின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கும். இலக்கண நெறியிலோ அஃது இறுதி மெய். அதனைச் சரிசெய்யச் சிறு நிரல் ஒன்று எழுதி மூவரும் படியெடுத்துக்கொண்டோம். ஒருவர் பின்னர்ப் பிழை கண்டு தம் படியை மட்டும் திருத்தினார். பகுதிகளை இணைத்த நாளில், ஒன்றில் ‘கழை’ முன்னும் ‘கனி’ பின்னும் முறையாக நிற்ப, மற்றொன்றில் ‘பனி’ முந்திப் ‘பழம்’ பிந்தியது. இரண்டிரவு உறக்கம் இழந்தோம். பிழை பிறருடையதன்று, ஓரிடத்து வையாது மூவிடத்து வைத்த எம்முடையதே. தமிழ் நெடுங்கணக்கின் முறையறிந்த ‘ஐ.சி.யு.’ என்னும் பொது நூலகம் ஒரு கட்டளைத் தொலைவில் இருந்தமை பின்னரே அறிந்து நாணினோம்.

அம்மையார் 1966 இல் ஓய்வு பெற்றும், மறு ஆண்டே கடற்படை அவரை மீள அழைத்தது. ஒளி ஒரு நானோ நொடியிற் செல்லும் தொலைவை ஏறத்தாழ ஓரடி நீளக் கம்பித்துண்டாற் காட்டி மாணவர்க்கு விளக்குவார். வழக்கமே வழி என்பாரைத் திருத்த, இடமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றைத் தம் அறையில் வைத்திருந்தனர். 1986 இல் தம் 79 ஆம் அகவையில், பாஸ்டன் துறையில் நின்ற ‘கான்ஸ்டிடியூஷன்’ என்னும் பழங்கப்பலில், ரியர் அட்மிரல் நிலையில் விடைபெற்றனர். 1992 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் இவ்வுலகு நீத்தனர்.

தாம் கண்டதைத் தம் ஏட்டில் மறைத்து வையாது, யாவரும் அழைத்துப் பயன்கொள்ளுமாறு பொதுவில் வைத்து, பிறர் திருத்தத்தையும் ஏற்றல் அம்மையார் நமக்குக் காட்டிய நெறி. எங்கள் சொல்லடைவின் நிரல் இப்பொழுது ஒரே படியாய் மூவர்க்கும் பொதுவில் உள்ளது. அடுத்த ஆண்டு தமிழ்ச் சிறப்பு வகுப்பிற்கு வரும் தம்பியரும் தங்கையரும் அதனை எடுத்து ஆளுக. பிழை காணின் திருத்துக.