நுண்ணோக்கியும் எழுதுகோலும்

பீகாரில் கங்கைக் கரையை ஒட்டி அமைந்த சிற்றூர் மணிஹாரி. அவ்வூரில் மருத்துவராக விளங்கியவரின் மகனாக 1899ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் பலாய்சந்த் முகோபாத்யாய் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே வங்க மொழியில் கவிதை புனையத் தொடங்கினார். கவிதை நாட்டம் படிப்பைக் கெடுத்துவிடும் என்று ஆசிரியர் கருதியதால், தம் பெயரை மறைத்துப் 'பனபூல்' என்னும் புனைபெயரில் எழுதலானார். அதற்குக் காட்டுப்பூ என்பது பொருள். ஒளிந்துகொள்ளச் சூடிய அப்பெயரே பின்னாளில் இயற்பெயரை மறைத்துவிட்டது.

கல்கத்தாவில் தொடங்கிய மருத்துவப் படிப்பு பாட்னாவில் நிறைவுற்றது. பின்னர்ப் பாகல்பூரில் ஆய்வகம் நிறுவி, ஏறத்தாழ 40 ஆண்டுகள் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றினார். வங்க இதழ்களும் பதிப்பகங்களும் கல்கத்தாவிலேயே குவிந்திருந்த காலம் அது. எழுத்தாளர் பலர் அந்நகரை நாடிச் சென்றனர். இவரோ தம் ஆய்வகத்தை விட்டு அகலவில்லை. அங்கு வந்த எளிய மக்களின் துயரங்கள் இவர் எழுத்துக்கு உயிரூட்டின.

கண்ணாடித் தகட்டில் இட்ட ஒரு துளிக் குருதியில் நோயைக் கண்டறிந்தவர், ஒரு பக்கத்தில் ஒரு வாழ்வைக் காட்டினார். 'வேப்பமரம்' என்னும் பொருள்படும் தலைப்பிலான கதை இதற்குச் சான்று. பட்டையை உரிக்கவும் இலையைப் பறிக்கவும் எல்லாரும் மரத்தை நாடுகின்றனர், பேணுவார் எவருமில்லை. ஒருநாள் கவிஞன் ஒருவன் வந்து, அதன் அழகை மட்டும் வியந்து செல்கிறான். அவனோடு சென்றுவிட மரம் ஏங்குகிறது. ஆழ ஓடிய வேர்கள் விடவில்லை. அவ்வீட்டு மருமகளின் நிலையும் அதுவே என்று ஒற்றை வரியில் கதை முடிகிறது. அதுவரை படித்தது மரத்தின் கதையன்று என்பது அப்போதுதான் புலப்படும்.

கவிதையில் தொடங்கிய இவருக்கு நிலைத்த புகழைத் தந்தவை இத்தகைய குறுங்கதைகளே எனலாம். எனினும் ஏறத்தாழ 60 புதினங்களையும் படைத்தார். பறவைகளைக் கூர்ந்து நோக்கிய ஈடுபாடு 'டானா' என்னும் புதினத்தில் வெளிப்பட்டது. சந்தைகளுக்குச் சென்று ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவரின் கதையான 'ஹாட்டே பாஜாரே' இரவீந்திரர் பெயரிலான விருதைப் பெற்றது. இவருடைய 'புவன் ஷோம்' 1969இல் மிருணாள் சென் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. 1975இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

முதுமையிலேயே கல்கத்தாவில் குடியேறிய பனபூல், 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அங்கு மறைந்தார். இன்று அந்நகரின் சியால்தாவிலிருந்து பீகாரின் சகர்சாவுக்குச் செல்லும் விரைவுத் தொடர்வண்டி, 'ஹாட்டே பாஜாரே' என்னும் அப்புதினத்தின் பெயரைத் தாங்கி ஓடுகிறது.