ஹால்டேன் போட்ட கணக்கு

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இவருடைய தந்தையார் சுரங்கங்களில் தேங்கும் வாயுக்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர். ஒருமுறை அவர் சுரங்கத்தினுள் மகனை நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதியொன்றை ஒப்பிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் சிறுவனுக்கு மூச்சு முட்டியது. கால் தளர்ந்து கீழே விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தமையால் பிழைத்தான். மீத்தேன் காற்றினும் இலேசானது என்னும் பாடத்தை அவன் கற்ற விதம் இது!

வளர்ந்தபின் ஹால்டேன் மரபியலில் ஈடுபட்டார். இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் அவர் சிந்தையைக் கவர்ந்தது. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று பெரும்பாலும் காக்கும். ஆணுக்கு உள்ளதோ ஒன்றே. அதையும் அவன் தாயிடமிருந்தே பெறுகிறான். அக்காலத்தில் நோயுற்ற சிறுவருள் பலர் மணப்பருவம் எய்துமுன்பே மாண்டனர். அவர்களோடு பழுதும் மறைந்தது. அவ்வாறாயின், தலைமுறைதோறும் நோய் குறைய வேண்டுமன்றோ? குறையவில்லை. மறைந்த அளவிற்குப் புதிய சடுதிமாற்றங்கள் தோன்றுகின்றன என ஹால்டேன் கணித்தார். தலைமுறைக்கு ஏறத்தாழ 50,000 எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றில் இம்மாற்றம் நேர்வதாக 1935இல் மதிப்பிட்டார்.

அம்மாற்றம் யாரிடம் தோன்றுகிறது? இருபாலாரிடமும் சமமாகத் தோன்றினால், நோயுற்ற சிறுவர் மூவருள் ஒருவனுடைய தாய் பழுதற்றவராக இருத்தல் வேண்டும். குடும்ப வரலாறுகளோ, ஏறக்குறைய எல்லாத் தாயரும் பழுதைச் சுமந்தவரே எனக் காட்டின. எனவே அப்பழுது பெரும்பாலும் அத்தாயருடைய தந்தையரிடம் முளைத்தது என 1947இல் ஹால்டேன் முடிவுகண்டார். பிள்ளையின் நோய்க்குத் தாயைப் பழிப்போர்க்கு இக்கணக்கு இடந்தரவில்லை.

காரணம் எளிது. பெண்ணின் கருமுட்டைச் செல்கள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்துச் செல்களோ முதுமை வரையிலும் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. ஓலைச்சுவடியைப் பலமுறை படியெடுத்தால் பிழை மிகுவது போல, தந்தையின் வயது ஏற ஏற மாற்றங்களும் மிகுகின்றன. தந்தையின் வயதில் ஓராண்டு கூடினால் குழந்தையிடம் ஏறத்தாழ இரண்டு புதிய மாற்றங்கள் கூடுவதாக ஐஸ்லாந்தில் நிகழ்ந்த ஆய்வொன்று 2012இல் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை.

1957இல் ஹால்டேன் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். இந்தியக் குடிமகனானார்; நம் நாட்டு உடையையும் விரும்பி அணிந்தார். பின்னர்ப் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கேயே 1964 டிசம்பர் 1 அன்று மறைந்தார். அவர் விரும்பியவாறே அவருடைய உடல் மாணவர் கற்பதற்காகக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.